மங்கோலியாவில் மக்களாட்சி மாற்றமும் அரசியல் நிலைத்தன்மையும்

மங்கோலியாவின் மக்களாட்சி மாற்றம் என்பது 1989 டிசம்பருக்கும் 1992 பிப்ரவரிக்கும் இடையில் அந்நாடு ஒற்றைக் கட்சிப் பொதுவுடைமை ஆட்சியிலிருந்து பல கட்சி மக்களாட்சிக்கு மாறிய நிகழ்வாகும். உலான் பத்தூர் நகரில் இளைஞர்கள் நடத்திய பேரணிகளிலும் உண்ணாநிலைப் போராட்டத்திலும் தொடங்கி, ஆளும் கட்சித் தலைமையின் பதவி விலகல், 1990 ஜூலைத் தேர்தல் ஆகியவற்றின் வழியாக 1992 அரசியலமைப்பில் அது நிறைவுற்றது. இந்த மாற்றத்தின்போது துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை, உயிரிழப்பும் இல்லை.

அதன்பின் மங்கோலியாவில் ஆட்சி பலமுறை தேர்தல் மூலம் கைமாறியுள்ளது. தோற்ற கட்சி பதவியை விட்டு விலகியது. பதவிக்காலம் முடிந்த குடியரசுத் தலைவர் வீடு திரும்பினார். சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த நடு ஆசிய நாடுகளோடு ஒப்பிட்டால் இது அரிய சாதனை. ஆனால் இதே நாட்டில் அமைச்சரவைகள் நீடிப்பதில்லை. ஒரு நாடாளுமன்றத்தின் நான்கு ஆண்டுகளையும் முழுமையாக ஆண்ட பிரதமர்கள் இருவர் மட்டுமே. ஆட்சிமுறை நிலைத்தது, ஆட்சிகள் நிலைக்கவில்லை என்னும் இந்த முரணே மங்கோலிய அரசியலின் முதன்மையான இயல்பு. இதன் வேர்கள் 1990ஆம் ஆண்டு நிகழ்வுகளிலும் 1992 அரசியலமைப்பிலும் உள்ளன.

பின்னணி

மங்கோலியா 15.6 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு. வடக்கே உருசியாவும் தெற்கே சீனாவும் சூழ்ந்துள்ளன, கடற்கரை இல்லை. 1990இல் மக்கள்தொகை சுமார் 21 இலட்சம். இன்று சுமார் 35 இலட்சம்.

1911இல் சீனாவின் சிங் அரசமரபிடமிருந்து விடுதலையை அறிவித்த மங்கோலியாவில், 1921இல் சோவியத் படைகளின் துணையுடன் புரட்சி நடந்தது. 1924இல் மங்கோலிய மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்துக்கு அடுத்து உலகில் உருவான இரண்டாவது பொதுவுடைமை நாடு இதுவே. மங்கோலிய மக்கள் புரட்சிக் கட்சி (இனி, மக்கள் புரட்சிக் கட்சி) ஒன்றே ஆண்டது.

1930களின் இறுதியில் சோய்பால்சான் தலைமையில், ஸ்டாலினின் முறையைப் பின்பற்றிப் பெரும் களையெடுப்பு நடந்தது. கொல்லப்பட்டோர் எண்ணிக்கை 20,000 முதல் 35,000 வரை என்று பலவாறாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் பௌத்தத் துறவிகள். நூற்றுக்கணக்கான மடாலயங்கள் இடிக்கப்பட்டன. 1940களில் மரபான மங்கோலிய எழுத்துமுறைக்குப் பதிலாகச் சிரில்லிக் எழுத்து நடைமுறைக்கு வந்தது. செங்கிஸ் கானைப் புகழ்வது தேசியவாதக் குற்றமாகக் கருதப்பட்டது.

1952 முதல் 1984 வரை ஆண்டவர் செதென்பால். 1984இல் அவர் மாஸ்கோவில் இருந்தபோதே பதவி நீக்கப்பட்டார். பொருளியல் ஆசிரியராக இருந்து கட்சிப் பணிக்கு வந்த பாத்மோங்க் அவருடைய இடத்துக்கு வந்தார்.

இந்த ஆட்சிக்கு மறுபக்கமும் உண்டு. நாடோடி மேய்ப்பர்கள் வாழ்ந்த நாட்டில் எழுத்தறிவு ஏறத்தாழ அனைவருக்கும் கிடைத்தது. தொலைதூர மாவட்டங்களிலும் பள்ளியும் மருத்துவமனையும் அமைந்தன. மாணவர்கள் மாஸ்கோ, பிராகா, கிழக்கு பெர்லின் போன்ற நகரங்களுக்குச் சென்று படித்தனர். பின்னாளில் கட்சியை எதிர்த்து நின்றவர்கள் பெரும்பாலும் இவ்வாறு அரசின் செலவில் படித்து வந்தவர்களே.

இளைஞர் இயக்கம்

1980களின் நடுவில் சோவியத் ஒன்றியத்தில் கொர்பச்சோவ் தொடங்கிய சீர்திருத்தங்கள் மங்கோலியாவையும் எட்டின. 1986இல் விளாதிவொஸ்தோக் நகரில் ஆற்றிய உரையில், மங்கோலியாவில் இருந்த சோவியத் படைகளைத் திரும்பப் பெறுவது பற்றி அவர் பேசினார். படை விலகல் படிப்படியாக நடந்து 1992இல் முடிந்தது. கட்சியைக் காப்பாற்ற வெளியிலிருந்து படை வராது என்பது இதனால் இரு தரப்புக்கும் தெளிவாயிற்று.

1989 டிசம்பர் 10, அனைத்துலக மனித உரிமைகள் நாளன்று, உலான் பத்தூரின் இளைஞர் பண்பாட்டு மையத்துக்கு முன் ஏறத்தாழ 200 பேர் கூடினர். மங்கோலிய மக்களாட்சி ஒன்றியம் என்னும் அமைப்பு அங்கு அறிவிக்கப்பட்டது. அதன் முதன்மைத் தலைவர் ஜோரிக், 27 வயதான பல்கலைக்கழக விரிவுரையாளர். மாஸ்கோவில் மெய்யியல் படித்தவர். அங்கு பேசியவர்களுள் ஒருவர் படைத்துறைச் செய்தித்தாளில் பணியாற்றிய எல்பெக்தோர்ஜ். இவர் பின்னர் இருமுறை பிரதமராகவும் இருமுறை குடியரசுத் தலைவராகவும் இருந்தார்.

பல கட்சித் தேர்தல், பேச்சுரிமை, மனித உரிமை, சந்தைப் பொருளாதாரம் ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். 1990 ஜனவரியில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 பாகை வரை இறங்கிய நாட்களிலும் பேரணிகள் நடந்தன. தேசிய உடையணிந்து வந்தவர்கள் செங்கிஸ் கானின் பெயரைப் பொதுவெளியில் முழங்கினர். 'ஹோங்க்' (மணி) என்னும் இசைக்குழுவின் பாடல் இயக்கத்தின் பாடலாயிற்று. பிப்ரவரியில் அரசு நூலகத்துக்கு முன் நின்ற ஸ்டாலின் சிலை அகற்றப்பட்டது. அதே மாதம் முதல் எதிர்க்கட்சியான மங்கோலிய மக்களாட்சிக் கட்சி தோன்றியது.

இயக்கத்தினர் வன்முறையைத் தவிர்ப்பதில் உறுதியாக இருந்தனர். ஒரு பேரணியில் மோதல் வெடிக்கும் நிலை வந்தபோது, ஜோரிக் ஒரு நண்பரின் தோள்மீது ஏறி, ஒலிபெருக்கியில் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். அந்த நிழற்படம் மங்கோலிய மக்களாட்சியின் அடையாளமாக இன்றும் பாடநூல்களிலும் கண்காட்சிகளிலும் இடம்பெறுகிறது.

1990 மார்ச்: உண்ணாநிலையும் பதவி விலகலும்

1990 மார்ச் 7 அன்று இயக்கத்தைச் சேர்ந்த பத்துப் பேர் சுக்பாதர் சதுக்கத்தில் உண்ணாநிலைப் போராட்டத்தைத் தொடங்கினர். கட்சியின் அரசியற்குழு முழுவதும் பதவி விலக வேண்டும் என்பது கோரிக்கை. கடுங்குளிரில் திறந்த வெளியில் அமர்ந்திருந்த அவர்களைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்தனர், துறவிகளும் வந்தனர்.

அரசியற்குழுவின் முன் இரண்டு வழிகள் இருந்தன. சீனாவின் தியனன்மென் சதுக்கத்தில் ஒன்பது மாதங்களுக்கு முன்பு நடந்தது ஒன்று. சில வாரங்களுக்கு முன்பு கிழக்கு ஐரோப்பாவில் நடந்தது மற்றொன்று. படையைப் பயன்படுத்தும் ஆணைக்கான வரைவும் அணியமாக இருந்தது. அதில் கையெழுத்திட பாத்மோங்க் மறுத்தார். மங்கோலியர் மிகச் சிலரே. அவர்கள் ஒருவர் மீது ஒருவர் கை வைக்கக்கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு. மார்ச் 9 அன்று அரசியற்குழுவின் பதவி விலகலை அவர் அறிவித்தார். உண்ணாநிலை அன்றிரவே முடிவுற்றது.

பாத்மோங்க் அரசியலிலிருந்து ஒதுங்கி வாழ்ந்து 1997இல் இறந்தார். மாற்றத்தைக் கேட்டவர்களோடு, அதைத் தடுக்கும் ஆற்றலிருந்தும் தடுக்காதவர் என்பதால் அவரையும் மங்கோலியர் மதிப்புடன் நினைவுகூர்கின்றனர்.

முதல் தேர்தல்

1990 மே மாதம் பழைய அரசியலமைப்பு திருத்தப்பட்டு, மக்கள் புரட்சிக் கட்சிக்கு இருந்த வழிகாட்டும் உரிமை நீக்கப்பட்டது. ஜூலையில் முதல் பல கட்சித் தேர்தல் நடந்தது. தேர்தலுக்கு இரண்டு மாத இடைவெளியே இருந்ததால் எதிர்க்கட்சிகளுக்கு நாடெங்கும் ஆட்களை நிறுத்த இயலவில்லை. புல்வெளிகளில் சிதறி வாழ்ந்த மேய்ப்பர்களிடம் செல்ல அவற்றுக்கு வண்டிகளும் இல்லை. 430 இடங்கள் கொண்ட பெருமன்றத்தில் மக்கள் புரட்சிக் கட்சி 350க்கும் மேற்பட்ட இடங்களை வென்றது.

ஆயினும் எதிர்க்கட்சிகள் ஒதுக்கப்படவில்லை. 'பாகா ஹுரல்' (சிறுமன்றம்) என்ற 50 உறுப்பினர் அவை, கட்சிகள் பெற்ற வாக்கு விகிதப்படி அமைக்கப்பட்டது. அதில் ஆளும் கட்சிக்கு 31 இடங்களும் பிறருக்கு 19 இடங்களும் கிடைத்தன. அன்றாடச் சட்டமியற்றும் பணி இந்த அவையிடமே இருந்தது. குடியரசுத் தலைவராக ஆளும் கட்சியின் ஒச்சிர்பாத்தும் துணைத் தலைவராகச் சமூக மக்களாட்சிக் கட்சியின் கொன்சிக்தோர்ஜும் பொறுப்பேற்றனர். பிரதமர் பியம்பாசுரென் அமைச்சரவையிலும் எதிர்க்கட்சியினர் இடம்பெற்றனர்.

எதிர்க்கட்சிகள் தேர்தலில் தோற்றும் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தன. ஆளும் கட்சி வென்றும் தனித்து ஆளவில்லை. இந்த ஏற்பாடு இரு தரப்புக்கும் ஒரே அவையில் பேசிப் பழகும் இரண்டு ஆண்டுகளைத் தந்தது.

1992 அரசியலமைப்பு

புதிய அரசியலமைப்பு 1992 ஜனவரி 13 அன்று நிறைவேற்றப்பட்டு, பிப்ரவரி 12 அன்று நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பெயரிலிருந்து 'மக்கள் குடியரசு' நீக்கப்பட்டது; கொடியிலிருந்து விண்மீன் அகற்றப்பட்டது. சட்ட அறிஞர் சிமித் இதன் முதன்மைச் சிற்பியாகக் கருதப்படுகிறார்.

இதன் அடிப்படை, அதிகாரம் மீண்டும் ஒருவரிடமோ ஒரு கட்சியிடமோ குவியாமல் பார்த்துக்கொள்வது. முதன்மையான ஏற்பாடுகள்:

- சட்டமியற்றும் அதிகாரம் 76 உறுப்பினர்களைக் கொண்ட 'இஃக் ஹுரல்' என்ற ஓரவை நாடாளுமன்றத்துக்கு உரியது. பதவிக்காலம் நான்கு ஆண்டுகள்.
- பிரதமரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும். நாடாளுமன்றமே நீக்கவும் செய்யும்.
- குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பர். நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தை அவர் தடுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் அத்தடையை நீக்கலாம்.
- அரசியலமைப்பு தொடர்பான வழக்குகளுக்கு ஒன்பது உறுப்பினர் கொண்ட தனி நீதிமன்றம் உண்டு.
- நிலம் தனியுடைமையாகலாம்; ஆனால் மேய்ச்சல் நிலம் தனியுடைமை ஆகாது.

பிரதமர், குடியரசுத் தலைவர், நாடாளுமன்றம் ஆகிய மூன்றும் தனித்தனி வலிமையுடன் ஒன்றையொன்று தடுக்க இயலும் வகையில் இம்முறை அமைந்தது. நடு ஆசியாவின் பல நாடுகளில் 1990களில் குடியரசுத் தலைவரிடம் பேரதிகாரம் தரப்பட்டது. உசுபெக்கிஸ்தானின் கரிமோவ் 2016இல் இறக்கும்வரையும் கசக்ஸ்தானின் நசர்பாயெவ் 2019 வரையும் அப்பதவியில் நீடித்தனர். மங்கோலியாவில் அத்தகைய தலைவர் உருவாக இடமே இல்லாமற் போனதற்கு இந்த அரசியலமைப்பு முதன்மைக் காரணம். ஆனால் ஒருவரையொருவர் தடுக்க இயலும் அமைப்பில், அரசாங்கமே நின்றுபோகும் வாய்ப்பும் இருந்தது. 1998இல் அது வெளிப்பட்டது.

பொருளாதார நெருக்கடி

மாற்றத்தின் முதல் ஆண்டுகள் மக்களுக்கு மிகக் கடினமாக இருந்தன. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சமமாக இருந்த சோவியத் உதவி 1991இல் முற்றிலும் நின்றது. எரிபொருளும் உதிரிப் பாகங்களும் வரவில்லை. நகரங்களில் உணவுப் பொருள்கள் பங்கீட்டு அட்டைக்கு வழங்கப்பட்டன. 1992இல் பணவீக்கம் 300 விழுக்காட்டைத் தாண்டியது.

அரசு நிறுவனங்களின் பங்குகளை வாங்க மக்கள் அனைவருக்கும் உரிமைச் சீட்டுகள் வழங்கப்பட்டன. முன்பு குழந்தைகள் திரையரங்காக இருந்த கட்டடத்தில் பங்குச் சந்தை இயங்கியது. 'நெக்டெல்' எனப்பட்ட கூட்டுறவு மேய்ச்சல் பண்ணைகள் கலைக்கப்பட்டு, கால்நடைகள் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. வேலையிழந்த நகரத்தார் பலர் மந்தையை நம்பிப் புல்வெளிக்குத் திரும்பினர்.

1999 முதல் 2002 வரை அடுத்தடுத்து 'ஜூத்' எனப்படும் கொடுங்குளிர்காலங்கள் வந்தன. பனியால் மூடிய புல்லை மேய இயலாமல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. மந்தையை இழந்த குடும்பங்கள் உலான் பத்தூரின் ஓரங்களில் 'கெர்' கூடாரங்களை அமைத்துக் குடியேறின. இன்று நாட்டின் மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தலைநகரிலேயே வாழ்கின்றனர்.

இவ்வளவு துன்பத்திலும் பழைய ஆட்சிமுறையே திரும்ப வேண்டும் என்ற இயக்கம் எதுவும் வலுப்பெறவில்லை. மக்கள் தம் சினத்தை வாக்குச்சீட்டில் காட்டினர். அதனால் தேர்தல் முடிவுகள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மாறின.

தேர்தல் வழி ஆட்சி மாற்றம்

1992 ஜூன் தேர்தலில் மக்கள் புரட்சிக் கட்சி சுமார் 57 விழுக்காடு வாக்குகளுடன் 76இல் 70 இடங்களைப் பெற்றது. ஜஸ்ராய் பிரதமரானார். 1993இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு முதல் நேரடித் தேர்தல் நடந்தது. பதவியிலிருந்த ஒச்சிர்பாத்தை அவருடைய கட்சி மீண்டும் நிறுத்தவில்லை. எதிர்க்கட்சிகள் அவரைத் தம் வேட்பாளராக்கின, அவர் வென்றார்.

1996 ஜூன் 30 தேர்தலில் மக்களாட்சி ஒன்றியக் கூட்டணி 50 இடங்களை வென்றது. 75 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட கட்சி தேர்தலில் தோற்று, எதிர்ப்பின்றி எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது. பொதுவுடைமைக்குப் பிந்தைய நாடுகளில் ஆட்சி மாற்றத்தின் உண்மையான சோதனை இதுவே. வென்றவர் ஆள்வது எளிது. ஆண்டவர் தோல்வியை ஏற்பது கடினம். அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் அதே கட்சியின் பகபாந்தி வென்றார். தேர்தல் மூலமே திரும்பி வரலாம் என்ற நம்பிக்கை இதனால் அக்கட்சிக்கும் ஏற்பட்டது.

1998 நெருக்கடியும் ஜோரிக் கொலையும்

கூட்டணியின் முதல் பிரதமர் என்க்சைகான் 1998 ஏப்ரலில் பதவி விலகினார். 35 வயதான எல்பெக்தோர்ஜ் பிரதமரானார். அரசு வங்கி ஒன்றைத் தனியார் வங்கியோடு இணைத்த முடிவால் எழுந்த எதிர்ப்பில், ஜூலையிலேயே அவருடைய அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்தது.

அதன்பின் நாடாளுமன்றம் ஒரு தரப்பிடமும் குடியரசுத் தலைவர் பதவி மறு தரப்பிடமும் இருந்ததன் விளைவு தெரிந்தது. கூட்டணி முன்மொழிந்த கன்போல்டின் பெயரைப் பகபாந்தி ஏற்கவில்லை. மீண்டும் மீண்டும் முன்மொழிந்தும் பயனில்லை. பிற பெயர்களும் நிராகரிக்கப்பட்டன. மாதக்கணக்கில் முழு அதிகாரமுள்ள அரசு இல்லை.

அப்போது உள்கட்டமைப்பு அமைச்சராக இருந்த ஜோரிக், இரு தரப்பும் ஏற்கக்கூடிய பிரதமராகப் பேசப்பட்டார். 1998 அக்டோபர் 2 அன்று இரவு, உலான் பத்தூரில் தம் வீட்டிலேயே அவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 36. ஆயிரக்கணக்கான மக்கள் மெழுகுவத்தி ஏந்திச் சுக்பாதர் சதுக்கத்தில் கூடினர். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் கூட்டத்தை அமைதிப்படுத்திய நகரம், அவருடைய இறப்பிலும் அமைதி காத்தது.

இக்கொலை இன்றுவரை முழுமையாகத் துலங்கவில்லை. 2016 டிசம்பரில் மூடிய நீதிமன்ற விசாரணையில் மூவருக்குத் தண்டனை வழங்கப்பட்டது. 2019இல், விசாரணையின்போது குற்றஞ்சாட்டப்பட்டோர் துன்புறுத்தப்பட்டதைக் காட்டும் காணொளி வெளியாயிற்று. அதன்பின் உளவுத்துறையின் முன்னாள் தலைவர் ஒருவரே துன்புறுத்தல் வழக்கில் தண்டிக்கப்பட்டார். கொலை செய்யத் தூண்டியவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அமைதியாக ஆட்சி மாறிய நாட்டில், காவல்துறையும் உளவுத்துறையும் நீதித்துறையும் அதே அளவுக்கு மாறவில்லை என்பதற்கு இவ்வழக்கைச் சான்றாகக் காட்டுவர்.

ஜோரிக்கின் தங்கை ஓயுன் நிலவியலாளர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். அண்ணனின் இறப்புக்குப் பின் அரசியலுக்கு வந்து, 2000இல் 'இர்கெனி ஜோரிக்' என்னும் கட்சியைத் தொடங்கினார். மங்கோலிய மொழியில் 'ஜோரிக்' என்றால் துணிவு. கட்சியின் பெயர் 'குடிமக்களின் துணிவு' என்று பொருள்படும்.

1998 டிசம்பரில் நரன்சத்சரால்ட் பிரதமரானார். 1999 ஜூலையில் அமர்ஜர்கல் வந்தார். ஒரே கூட்டணி நான்கு ஆண்டுகளில் நான்கு பிரதமர்களைத் தந்தது. சலித்த வாக்காளர்கள் 2000 தேர்தலில் மக்கள் புரட்சிக் கட்சிக்கு 72 இடங்களை அளித்தனர். ஆனால் அக்கட்சி பெற்ற வாக்குகள் பாதியை ஒட்டியே இருந்தன.

2008 ஜூலை வன்முறை

2004 தேர்தலில் இரு தரப்பும் ஏறத்தாழச் சமமான இடங்களைப் பெற்றதால் கூட்டணி அரசு அமைந்தது. அது 2006 ஜனவரியில் கலைந்தது. 2008 ஜூன் தேர்தலில் மக்கள் புரட்சிக் கட்சி வென்றதாக அறிவிக்கப்பட்டபோது, முறைகேடு நடந்ததாக எதிர்த்தரப்பினர் குற்றஞ்சாட்டினர். ஜூலை 1 அன்று அக்கட்சியின் தலைமையகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஐவர் உயிரிழந்தனர், 700க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். நான்கு நாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.

1990இல் சிந்தாத இரத்தம் தேர்தல் ஒன்றுக்குப் பின் சிந்தியது மங்கோலியரை உலுக்கியது. எனினும் நெருக்கடி நிலை நீட்டிக்கப்படவில்லை. பெரும்பான்மை இருந்தும் பிரதமர் பாயர் மக்களாட்சிக் கட்சியைச் சேர்த்துக் கூட்டணி அரசை அமைத்தார். அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில், பதவியிலிருந்த என்க்பாயரை எல்பெக்தோர்ஜ் தோற்கடித்தார். என்க்பாயர் தோல்வியை ஒப்புக்கொண்டது பெரிதும் பாராட்டப்பட்டது. ஆனால் 2012இல் அவரே ஊழல் வழக்கில் சிறை சென்றார். அது நீதியா, அரசியல் பழிவாங்கலா என்ற விவாதம் அப்போது எழுந்தது.

கனிம வளமும் அரசியலும்

2000க்குப் பின் மங்கோலிய அரசியலின் மையப்பொருள் கனிமம் ஆயிற்று. தென் கோபிப் பகுதியில் உள்ள ஓயு தோல்கோய் செம்பு, தங்கச் சுரங்கம் தொடர்பாக 2009இல் முதலீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் அரசுக்கு 34 விழுக்காடு பங்கு. 2011இல் பொருளாதாரம் 17 விழுக்காடு வளர்ந்தது. பின்னர் செம்பு, நிலக்கரி விலை சரிந்தபோது வளர்ச்சியும் சரிந்தது. நாடு 2017இல் அனைத்துலக நாணய நிதியத்தின் உதவியைப் பெற வேண்டியிருந்தது.

1990இல் பங்கிட்டுக்கொள்ள நாட்டில் பெருஞ்செல்வம் இல்லை. பதவியை விட்டு விலகியவர் இழந்ததும் குறைவு. சுரங்கங்கள் வந்தபின் பதவியின் மதிப்பு உயர்ந்தது. உரிமம் வழங்குவோர், ஒப்பந்தம் பெறுவோர், கட்சிக்கு நிதி தருவோர் ஆகியோரிடையே நெருக்கம் வளர்ந்தது. 2022 டிசம்பரில், சீனாவுக்கு ஏற்றுமதியான நிலக்கரியில் பெருந்திருட்டு நடந்ததாகச் செய்தி வெளிவந்ததும், கடுங்குளிரில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் சுக்பாதர் சதுக்கத்தில் கூடினர்.

'இரட்டைத் தேல்' சிக்கல்

'தேல்' என்பது மங்கோலியரின் மரபான நீண்ட அங்கி. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே அமைச்சராகவும் இருப்பவரை 'இரட்டைத் தேல் அணிந்தவர்' என்பர். அமைச்சரைக் கண்காணிக்க வேண்டிய உறுப்பினரே அமைச்சராகலாமா என்பது கேள்வி. 1990களில் அரசியலமைப்பு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2000 டிசம்பரில் செய்த அரசியலமைப்புத் திருத்தங்கள் அனுமதித்தன.

அதன்பின் அமைச்சர் பதவியை எதிர்பார்க்கும் உறுப்பினர்கள் ஆளும் கட்சிக்குள்ளேயே பெருகினர். பதவி கிடைக்காதவர்கள் பிரதமரை மாற்ற முனைந்தனர். 2016 தேர்தலில் மக்கள் கட்சி (மக்கள் புரட்சிக் கட்சி 2010இல் ஏற்ற புதிய பெயர்) 65 இடங்களை வென்றும், அதன் பிரதமர் எர்தெனெபாத் 2017 செப்டம்பரில் தம் கட்சியினரின் வாக்குகளாலேயே நீக்கப்பட்டார். பெரும்பான்மை மட்டும் நிலைத்தன்மை தராது என்பதை இது காட்டியது.

2019 நவம்பரில் அரசியலமைப்பு விரிவாகத் திருத்தப்பட்டது. அமைச்சர்களை நியமிப்பதிலும் நீக்குவதிலும் பிரதமருக்குக் கூடுதல் அதிகாரம் கிடைத்தது. இரட்டைத் தேல் அணிவோர் பிரதமர் தவிர நால்வருக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பிடப்பட்டது. அந்த வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஒரேயொரு முறை, ஆறு ஆண்டுகளுக்கு மட்டுமே பதவி வகிக்கலாம் என்றாயிற்று. 2023இல் நாடாளுமன்ற இடங்கள் 126ஆக உயர்த்தப்பட்டு, 48 இடங்கள் கட்சிகளின் வாக்கு விகிதப்படி நிரப்பப்பட்டன. 2024 தேர்தலில் மக்கள் கட்சி 68, மக்களாட்சிக் கட்சி 42 இடங்களைப் பெற்றன. சிறு கட்சிகளும் அவைக்குள் வந்தன.

தெருவின் குரல்

அண்மைய ஆண்டுகளில் அரசாங்கங்கள் மக்கள் எதிர்ப்பாலும் விலகியுள்ளன. 2021 ஜனவரியில், கொரோனா தொற்றிய இளந்தாய் ஒருவர் கைக்குழந்தையுடன் மருத்துவமனை உடையிலும் செருப்பிலும் கடுங்குளிரில் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட காட்சி பரவியது. எழுந்த எதிர்ப்பால் பிரதமர் குரெல்சுக் பதவி விலகினார். அவரே அவ்வாண்டு ஜூனில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்து வந்த பிரதமர் ஓயுன்-எர்தெனெ, தம் மகனின் ஆடம்பரச் செலவு குறித்து இளைஞர்கள் நடத்திய தொடர் போராட்டத்துக்குப் பின், 2025 ஜூன் 3 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். 64 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் அவருக்கு 44 வாக்குகளே கிடைத்தன. அவர் பதவி விலகியதும் சந்தன்சதார் பிரதமரானார்.

அயலுறவும் இந்தியாவும்

இரு பெரும் அண்டை நாடுகளுக்கு இடையே தன் விடுதலையைக் காக்க, பிற மக்களாட்சி நாடுகளோடு உறவை வளர்ப்பதை மங்கோலியா 'மூன்றாம் அண்டை நாடு' கொள்கை என்கிறது. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. பொதுவுடைமை அணிக்கு வெளியே மங்கோலியாவுடன் முதன்முதலில், 1955இல், தூதரக உறவு கொண்ட நாடு இந்தியா. மாற்றம் நிகழ்ந்த காலத்தில் இந்தியத் தூதராக இருந்தவர் லடாக்கைச் சேர்ந்த பௌத்தத் துறவி குஷோக் பகுலா ரின்போச்சே. 1990 முதல் 2000 வரை அப்பதவியில் இருந்த அவர், ஒடுக்கப்பட்டிருந்த பௌத்த சமயக் கல்வி மீண்டும் தழைக்கத் துணைநின்றார்.

மதிப்பீடு

மங்கோலியாவில் மக்களாட்சி வேரூன்றியதற்கு அறிஞர்கள் பல காரணங்களைக் கூறுவர்: பரவலான எழுத்தறிவு, பெரிய இன மோதல்கள் இல்லாமை, சோவியத் படை விலகல், வெளிநாட்டு உதவி ஆகியவை அவற்றுள் சில. இவற்றோடு இரண்டு முடிவுகளையும் சேர்க்க வேண்டும். ஆணையில் கையெழுத்திட மறுத்தது ஒன்று. தோல்வியை ஏற்று 1996இல் பதவி விலகியது மற்றொன்று. இரண்டையும் எடுத்தவர்கள் பழைய ஆளுங்கட்சியினரே. எதிர்த்தரப்பும் பழிவாங்கலைக் கோரவில்லை.

அரசாங்கங்கள் நிலைக்காததைத் தோல்வி என்று மட்டும் கூறிவிட இயலாது. முழு நான்காண்டு ஆண்ட ஜஸ்ராய் (1992–1996), என்க்பாயர் (2000–2004) இருவருமே, 76இல் 70க்குக் குறையாத இடங்கள் ஆளுங்கட்சியிடம் இருந்த நாடாளுமன்றங்களில்தான் ஆண்டனர். அதாவது, எதிர்க்கட்சி ஏறத்தாழ இல்லாதபோதே அரசு உறுதியாக இருந்தது. அத்தகைய உறுதியையே 1990இன் இளைஞர்கள் மாற்ற விரும்பினர். அதே வேளையில், ஈராண்டுக்கு ஒருமுறை அமைச்சர்கள் மாறினால் சாலையும் பள்ளியும் மின்னிலையமும் பாதியில் நிற்கும். அதன் சுமை ஏழை மக்கள் மீதே விழுகிறது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைக் கண்டறிவதே 1992 முதல் மங்கோலிய அரசியலமைப்புத் திருத்தங்களின் நோக்கமாக இருந்துவருகிறது.

ஜோரிக்கின் சிலை சுக்பாதர் சதுக்கத்துக்கு அருகே நிற்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அக்டோபர் 2 அன்று மக்கள் அங்கு மலர் வைக்கின்றனர்.